டிரையரில் 'சென்சார் கோளாறு' காட்டுகிறதா?

துணி உலர்த்தும் டிரையர் பாதியில் நின்று, வெப்பநிலை சென்சார் கோளாறு என்று காட்டினால் பதற வேண்டாம்.

• பிளக்கைப் பிடுங்கி, இயந்திரம் நன்றாக ஆறட்டும்.

• பஞ்சு வடிகட்டியைத் துடைத்தபின் அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வலையில் தேங்கி நின்றால், துணியோடு போடும் மணத்தாளான டிரையர் ஷீட்டின் மெழுகுப் படலம் அடைத்திருக்கலாம். சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள்.

• காற்றுக் குழாய் நசுங்கினாலும் அடைத்தாலும் உள்ளே சூடு அளவுமீறும்.

• மல்டிமீட்டரில் அளக்கத் தெரிந்தவர் சென்சாரைச் சோதிக்கலாம். பல மாடல்களில் 25 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை சுமார் 10,000 ஓம் இருக்கும். கையில் பொத்திச் சூடேற்றினால் குறையும். குறையாவிட்டால் சென்சாரை மாற்றுங்கள்.

• வெப்ப ஃபியூஸ் போயிருந்தால் கம்பி கொண்டு இணைத்து ஓட்டவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.