எக்கோத் தாளும் முதியவர் இருதயமும்



உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ "எக்கோ" எடுத்து வரும்படி வைத்தியர் சொல்லியிருக்கலாம். தாள் கைக்கு வந்ததும், அதிலுள்ள பெரிய சொற்களைக் கண்டு கலங்குவோர் சிலர். "நார்மல்" என்ற ஒரு சொல்லைக் கண்டதும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுவோர் வேறு சிலர். இரண்டும் கேடு விளைவிக்கும். ஆகையால் அந்தத் தாளை வாசிக்கும் விதத்தை இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

எக்கோ என்பது எதிரொலி. காதுக்குக் கேளாத ஒலியை மார்பின் வழியே செலுத்தி, இருதயத்தில் பட்டுத் திரும்புவதைப் படமாக்குகிறார்கள். வலியில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. 1953-ல் சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற வைத்தியரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக நிபுணரும், உலோகத்தில் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டே இருதய அசைவை முதன்முதலில் பதிவு செய்தனர்.

இனி, தாளில் காணும் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, "இ.எப்." என்ற எண். இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே இது. 60 என்றிருந்தால், "அறுபது மார்க்குதானா?" என்று வருந்தவேண்டாம். எந்த இருதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. 55 முதல் 70 வரை நல்ல அளவே. 40-ம் அதற்குக் கீழும் பலக்குறைவைக் காட்டும்.

இரண்டாவது, வால்வுகள். "டிரிவியல்" என்ற அற்பக் கசிவு ஆரோக்கியமுள்ளவர்களிடமும் காணப்படும். "மைல்டு" என்றால் பெரும்பாலும் கவனித்து வந்தால் போதும். "மாடரேட்", "சிவியர்" என்றிருந்தால் வைத்தியரைக் காணத் தாமதிக்கலாகாது. வயது ஏற ஏற அயோர்ட்டிக் வால்வில் சுண்ணாம்பு படிந்து வழி குறுகுவதும் உண்டு.

மூன்றாவது, "டயஸ்டாலிக் டிஸ்பங்ஷன், கிரேடு 1". இதைத்தான் நாம் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். இருதயத்துக்குச் சுருங்குவது ஒரு வேலை. தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்பது மற்றொரு வேலை. புதிய தோற்பை எளிதில் விரியும். காய்ந்த தோற்பை விரியாது. அறுபதைக் கடந்த பலருக்கு இந்த விறைப்பு சிறிதளவு காணப்படும், அதற்காகப் பயப்படவேண்டாம். ஆனால் பல ஆண்டுகள் அடங்காத இரத்த அழுத்தம் இருதயச் சுவரைத் தடிக்கச் செய்து, விறைப்பை மிகுதியாக்கும். அப்பொழுது இ.எப். 60 ஆக இருந்தாலும் மூச்சு இரைக்கும். எனவே, "எண் நன்றாயிருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்துவது பெரும் பிசகு.

செய்யவேண்டியவை இவை: பிரஷரையும் சர்க்கரையையும் தவறாமல் பார்த்து, மருந்தை வைத்தியர் சொன்னபடி உட்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். வைத்தியர் தடுக்காவிட்டால், வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடக்கலாம். புகையிலையைப் புகைப்பதும் மெல்லுவதும் அறவே கூடாது.

மேலும், இருதயத்துக்கு உணவூட்டும் குழாய்களின் அடைப்பு சாதாரண எக்கோவில் நேரே தெரியாது. மார்பை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், பழைய "நார்மல்" தாளை நம்பி வீட்டிலிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

முதியவர்கள் தங்கள் கஷ்டத்தை, "வயதாகிவிட்டது" என்று சொல்லி மறைத்துவிடுவார்கள். பிள்ளைகளே, நீங்கள்தான் கேட்கவேண்டும். போன வருஷம் ஏறிய படிகளை இப்பொழுது நின்று நின்று ஏறுகிறார்களா? படுத்தால் மூச்சுத் திணறித் தலையணையை உயர்த்துகிறார்களா? கால் வீங்குகிறதா? மயக்கம் வருகிறதா? இவற்றில் ஒன்று உண்டென்றாலும், பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்தெடுத்துக்கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் தாளை மட்டுமல்ல, ஆளையும் பார்த்தே முடிவு சொல்லுவார்.