பழைய பாட்டில்களில் ஒரு மிதவைப் பலகை

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறை நாளில் தாமிரபரணிப் படித்துறைக்குக் கூட்டமாகக் குளிக்கப் போவார்கள். ஒருவன் மட்டும் படியில் உட்கார்ந்து எல்லோருடைய துணிகளுக்கும் காவல் இருப்பான். ஒன்பதாம் வகுப்பில் என் மாணவன். இரு கால்களிலும் வலுக் குறைவு, காலிப்பர் அணிந்து நடப்பவன். 'பாய்மங்கள்' பாடத்தில் மிதப்பு விசையை நடத்திக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "சார், தண்ணி எல்லாரையும் தூக்கும்னா என்னையும் தூக்கும்லா?"

அந்தக் கேள்வியையே வகுப்பின் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டோம்.

அறிமுகம்

அந்தக் காலத்தில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீச்சல் பழகியதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். அடுத்து, அலைச்சறுக்கு பற்றிப் பேசினோம். மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் உலக அலைச்சறுக்குப் போட்டி 2015-இல் கலிஃபோர்னியாவில் நடந்தது. நிற்க இயலாதவர்கள் பலகையில் குப்புறப் படுத்தே அலையில் வருகிறார்கள். அவரவர் உடலுக்கேற்பக் கைப்பிடியும் மெத்தையும் பொருத்திக்கொள்கிறார்கள். அலைச்சறுக்குப் பலகையின் கன அளவை லிட்டரில் குறிப்பது வழக்கம். ஏன் என்று கேட்டேன். ஒரு லிட்டர் நீரின் நிறை 1 கிலோ. 30 லிட்டர் பலகை முழுதும் அமிழ்ந்தால் 30 கிலோ நீரை வெளியேற்றும். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை மாணவர்களே சொல்லிவிட்டார்கள்.

நான் செய்த தவறு

மாணவன் 34 கிலோ. அவனை முழுதும் நீருக்கு மேல் தூக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, 40 ஒரு லிட்டர் பாட்டில்களை இரண்டடுக்காகக் கட்டவைத்தேன். மிதந்தது, ஆனால் அவன் ஏறி உட்கார்ந்ததும் ஆடிச் சாய்ந்தது. அவன் தந்தை தாங்கிப் பிடித்தார். ஈர்ப்பு மையம் உயர்ந்தால் நிலைத்தன்மை குறையும் என்று எத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன்! கரையேறியதும் அவன் சொன்னான்: "சார், மிதந்தா மட்டும் போதுமா? நானே கையால தள்ளிப் போவணும்லா. இதுல கை தண்ணியத் தொடவே இல்லை."

அவனிடம் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது பலகை

இம்முறை அவனே அளவு சொன்னான். உடல் பாதி நீரில் இருந்தால் நீரே பெரும்பாரத்தைத் தாங்கிவிடும். எனவே 20 பாட்டில்கள் போதுமானவை. மூடியை இறுக்கி, ஒரே அடுக்காக, தோள் அகலத்தைவிடச் சற்றுக் குறுகலாக அடுக்கினோம். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றுகளாக வெட்டிக் கட்டினோம். மேலே பழைய ஃபிளெக்ஸ் பேனரைச் சுற்றி, மார்புப் பகுதியில் பழைய ஃபோம் பாயை ஒட்டினோம். கால்கள் தாழ்ந்ததால் பின்புறம் இரண்டு பாட்டில்கள் சேர்த்தோம். கால் பக்கம் மிதவை கூடினால் தலை தாழும் என்பதால், முதலில் மணல் மூட்டையை வைத்துப் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் சோதித்தோம்.

கவனிக்க வேண்டியவை

இது உயிர்காப்புக் கருவி அன்று. மாணவன் முறையான மிதவை அங்கி அணிந்திருக்க வேண்டும். கவிழ்ந்தால் விடுபட முடியாது என்பதால் மாணவனைப் பலகையோடு ஒருபோதும் கட்டக்கூடாது. பெற்றோர், தலைமையாசிரியர் ஒப்புதலும், இயன்முறை மருத்துவரின் ஆலோசனையும், நீந்தத் தெரிந்த பெரியவர் இருவரும் தேவை. இடுப்பளவுக்கு மேல் ஆழம் வேண்டாம். பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று விசாரித்த பிறகே ஆற்றில் இறங்க வேண்டும்.

விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைப் பள்ளிகள் தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். உங்கள் வகுப்பிலும் துணிக்குக் காவல் இருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். என்ன செய்து தரலாம் என்று யோசிக்கும் முன், என்ன வேண்டும் என்று அப்பிள்ளையிடமே கேளுங்கள்.

இரண்டாவது பலகையில் அவன் கைகளால் துழாவிப் பத்தடி தூரம் தானே போனான். மற்ற பிள்ளைகள் எல்லாரும் தண்ணீரில் அவனைச் சுற்றி நின்றார்கள். துணிகள் படியில் கேட்பாரற்றுக் கிடந்தன.