தன்வினையும் பிறவினையும்: போடிநாயக்கனூர் – ஏலமலைச் சரிவில் குழந்தைப் பாதுகாப்பு அறிக்கையின் மொழி

திறவுச்சொற்கள்: தன்வினை, பிறவினை, சமூக விசாரணை அறிக்கை, உறவுப்பெயர், ஏலக்காடு, எல்லைப்புற வழக்கு

முன்னுரை

குழந்தைப் பாதுகாப்பு என்பது சட்டம், சமூகப்பணி, உளவியல் ஆகிய துறைகளுக்குரிய பொருளாகவே பெரிதும் கருதப்படுகிறது. எனினும், பாதுகாப்பு தேவைப்படும் ஒரு குழந்தையின் வாழ்வைப் பற்றிய முடிவு பெரும்பாலும் ஓர் எழுத்துப் பனுவலைக் கொண்டே எடுக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தப்படும் குழந்தையைப் பற்றிய சமூக விசாரணை 15 நாள்களில் முடிக்கப்பெற வேண்டும். முதல் முன்னிறுத்தத்திலிருந்து 4 மாதங்களுக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிப்பதற்கு அவ்விசாரணை அறிக்கையே வழிசெய்கிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு, குழந்தை வாழ்ந்த தெருவையும் வீட்டையும் அந்த அறிக்கையின் சொற்கள் வழியாகவே அறிகிறது. களப்பணியாளர் எழுதிவரும் அறிக்கையைப் படித்து, வினா எழுப்பி, செப்பனிட்டு அனுப்பும் பொறுப்பு மூத்த பாதுகாப்புப் பணியாளருடையது. அப்பொறுப்பின் ஒரு பகுதி இலக்கணம் சார்ந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுப்பதால், இங்குத் தனி வழக்கு எதுவும் எடுத்தாளப்படவில்லை. வட்டாரப் பேச்சில் பரவலாக வழங்கும் தொடர்களே தரவுகளாகின்றன.

ஏலக்காடும் ‘கூடமாட’வும்

தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் அமைந்தது போடிநாயக்கனூர். ஏலக்காய் ஏல மையம் இவ்வூரில் இருப்பினும், காய் விளையும் தோட்டங்களுள் பெரும்பாலானவை போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்கள் ஒருபுறம். பருவம் முழுவதும் தோட்ட வீடுகளிலேயே தங்கிவிடும் குடும்பங்கள் மறுபுறம். முன்னவர்களின் குழந்தைகள் பாட்டியின் பொறுப்பிலும் மூத்த அக்காளின் பொறுப்பிலும் வளர்கின்றனர். பின்னவர்களின் குழந்தைகள் ஏலச்செடிகளுக்கு இடையே வளர்கின்றனர். 50 பெண் தொழிலாளர்களோ அவர்தம் குழந்தைகள் 20 பேரோ உள்ள தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சிறு ஏலக்காடுகள் அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை.

இச்சூழலில் பிறக்கும் விடை, ‘அம்மா கூட கூடமாடப் போனேன்’ என்பது. ‘கூடமாட’ என்பது உடனிருந்து சிறு உதவி செய்தலைக் குறிக்கும் அன்பான சொல். அதில் கூலி இல்லை, நேரக்கணக்கு இல்லை, ஏவியவர் இல்லை. அறிக்கையில் இது ‘பெற்றோருக்கு உதவி செய்துள்ளார்’ என்று ஆகிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். 2016இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும், ஆபத்தற்ற பணியில், குடும்பத்திற்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவுவதை 14 வயதிற்குட்பட்டோருக்கும் அனுமதிக்கிறது. ஆனால் பிறருக்குரிய காட்டில் தாய் கூலிக்குக் காய் எடுக்கையில் அது குடும்பத் தொழில் ஆகாது. குழந்தை எடுத்த காய் யாருடைய கணக்கில் சேர்ந்தது, அன்று பள்ளி இருந்ததா, செடிக்கு மருந்தடித்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்னும் மூன்று வினாக்கள் எழுப்பப்பட்டால்தான் ‘கூடமாட’ என்பதன் உட்பொருள் வெளிப்படும். சொல்லை நீக்குதல் தீர்வன்று. அதை அப்படியே எழுதி, அதன்மேல் வினவுவதே முறை.

எழுவாயாகும் குழந்தை

வட்டார வழக்கில் குழந்தைக்கு நேர்ந்த தீங்கைக் குறிக்கும் தொடர்களைத் தொகுத்து நோக்கின் ஒரு பொதுமை புலப்படும். ‘புள்ள கெட்டுப்போச்சு’, ‘ஓடிப்போனா’, ‘பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டா’, ‘வேலைக்குப் போயிட்டான்’ ஆகிய அனைத்தும் தன்வினை. அனைத்திலும் குழந்தையே எழுவாய். ‘கெடு’ என்னும் ஒரே வேர் ‘கெட்டாள்’ எனவும் ‘கெடுத்தான்’ எனவும் இருவகையிலும் வரவல்லது. பேச்சு முன்னதையே தெரிகிறது. இத்தெரிவு மானம் கருதியது. தீங்கிழைத்தவன் பெயரைச் சொல்லாமல் காப்பதும் அதற்குள் அடங்கும்.

அரசு வழக்கும் இதற்கு விலக்கன்று. ‘இடைநிற்றல்’ என்னும் கலைச்சொல்லே தன்வினையில் அமைந்தது. காய் எடுக்கும் பருவத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்தப்பட்ட சிறுமி ‘நிற்க’வில்லை, நிறுத்தப்பட்டாள். நிறுத்தியது தந்தையின் கடனா, தாயின் நோயா, ஊருக்குப் பேருந்து இன்மையா என்பதைக் கேட்கும் கடமையை அக்கலைச்சொல் படிப்பவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. இவ்வளவு பரவலாக வழங்கும் சொல் ஆராயப்படாமல் ஏற்கப்பட்டது வியப்பிற்குரியது.

எனவே, அறிக்கையைச் செப்பனிடும் மூத்த பணியாளர் குழந்தையை எழுவாயாகக் கொண்ட ஒவ்வொரு தன்வினைக்கும் அதன் பிறவினையைத் தேட வேண்டும். ‘ஓடிப்போனாள்’ எனில் கூட்டிச்சென்றவர் எவர்? இலக்கணப்படி இது நேர்ப் பிறவினை அன்றாயினும், வினையின் கருத்தாவைத் தேடும் வினா அதுவே. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் (போக்சோ) 18 வயதிற்குட்பட்டவரின் இசைவு தற்காப்பு ஆகாது. ஆகவே ‘விருப்பத்துடன் சென்றாள்’ என்னும் தொடர் அந்தச் சட்டத்தின்முன் பயனற்றது; ஊர்வாயிலோ குழந்தைக்கு அது என்றும் நீங்காத வடு.

இவ்விதியை இயந்திரம்போலக் கையாளுதலும் தவறு. திருமணம் பேசி முடிக்கப்பட்ட 16 வயதுப் பெண், நிச்சயத்தன்று வீட்டைவிட்டு வெளியேறிக் காவல் நிலையம் வந்தால், ‘வந்தாள்’ என்பதே உண்மை. திருமண வயதை எட்டுமுன் மணமுடிக்கப்படும் உடனடி ஆபத்திலுள்ள குழந்தையைப் பாதுகாப்பு தேவைப்படுவோருள் ஒருவராக இளைஞர் நீதிச் சட்டம் வகைப்படுத்துகிறது. அவளை ‘மீட்கப்பட்டவர்’ என எழுதுவது, அவள் செய்த ஒரே துணிவை அவளிடமிருந்து பறித்து அலுவலகத்தின் கணக்கில் சேர்ப்பதாகும். எங்கே தன்வினை மறைக்கிறது, எங்கே அது குழந்தையின் உரிமையாகிறது என்று பகுத்தறிவதற்குப் படிவம் உதவாது, பட்டறிவே உதவும்.

உறவுப்பெயர்

‘மாமா’ என்னும் ஒரு சொல் இப்பகுதியில் தாயின் உடன்பிறந்தவரையும், அத்தையின் கணவரையும், பக்கத்து வீட்டாரையும், ஜீப் ஓட்டுநரையும், தோட்டத்துக் கங்காணியையும் குறிக்கும். குழந்தை ‘மாமா’ என்றதை ‘தாய்மாமன்’ என எழுதினால் குற்றமற்றவர்மேல் பழி விழக்கூடும். ‘உறவினர்’ என எழுதினால், குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கத் தகுந்தவர் பட்டியலில் தீங்கிழைத்தவரே இடம்பெறவும் கூடும். சொல்லை அவ்வாறே இட்டு, எந்த வீட்டு மாமா என்பதைத் தனியே குறித்தல் வேண்டும்.

பணியாளரும் இவ்வலைக்குள் வருகிறார். குழந்தை அவரை ‘அக்கா’ என விளிக்கையில் அச்சம் தணிகிறது. உடனே, அக்காளிடம் சொன்னது அம்மாவிடம் போகுமா என்னும் ஐயமும் எழுகிறது. அப்பொழுது ‘யாருக்கும் சொல்ல மாட்டேன், தாயி’ என்று வாயில் வரும் ஆறுதல் சொல்லப்படலாகாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அறிந்ததைத் தெரிவிப்பது கட்டாயம். ‘உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்லணும், யார்யார்னு உனக்கு முதல்ல சொல்லிடுறேன்’ என்பது நீண்ட தொடர்தான். ஆயினும் பின்னர் பொய்யாகாதது.

எல்லையைக் கடக்கும் சொல்

இடுக்கியில் கண்டறியப்படும் போடிக் குழந்தை முதலில் அம்மாவட்டக் குழுவின்முன் நிறுத்தப்படுகிறது. சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி, சொந்த மாவட்டக் குழுவைக் கலந்தபின், குழந்தையின் நலனுக்கு உகந்ததெனில், இடமாற்றம் ஆணையிடப்படுகிறது. இடையில் குழந்தையின் பேச்சு தமிழிலிருந்து மலையாளத்திற்கும், அலுவல் மடலில் ஆங்கிலத்திற்கும், மீண்டும் தமிழுக்கும் பெயர்கிறது. உறவுமொழிகள் என்பதாலேயே இங்குப் பிழை மிகுதி. மலையாளத்தில் ‘விஷமம்’ என்பது மனத்துயர். தமிழில் அது குறும்பு. மலையாளத்தில் ‘பனி’ காய்ச்சல்; தமிழில் குளிர். ‘குட்டிக்கு விஷமம்’ என்று காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தர் ஒருவர் அவ்வாறே குறித்துக்கொண்டால், துயருற்ற குழந்தை அடங்காத குழந்தையாகிவிடும்.

போக்சோ சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாக்குமூலம் குழந்தை பேசியவாறே பதியப்பட வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்பாளரின் உதவிக்கும் இடந்தருகிறது. சமூக விசாரணை அறிக்கைக்கும் அதே ஒழுங்கைக் கொள்ளுதல் தகும். சுவடிப் பதிப்பில் மூலபாடத்தை மாற்றாது பொருளை அடிக்குறிப்பில் தரும் முறை தமிழ்ப் புலமைக்குப் பழகியதே. அவ்வாறே, ‘மாமா’, ‘கூடமாட’, ‘நின்னுட்டேன்’ என்னும் சொற்கள் தமிழ் எழுத்தில் நிற்க, அவற்றின்கீழ் மலையாளத்தில் பொருள் எழுதப்படுமாயின், தொடுபுழையிலோ தேனியிலோ கோப்பைத் திறக்கும் எவரும் குழந்தை கூறியது எது, பணியாளர் விளங்கிக்கொண்டது எது எனப் பிரித்தறிய இயலும்.