உங்கள் கட்சி எது என்று கம்ப்யூட்டர் சொல்லுமா?

தேர்தல் தேதி அறிவித்தவுடன் இண்டர்நெட்டில் ஒரு வகை க்விஸ் பரவ ஆரம்பித்துவிடும். "நீங்கள் இடதுசாரியா, வலதுசாரியா?", "உங்கள் எண்ணத்துக்குப் பொருந்தும் கட்சி எது?" என்றெல்லாம் தலைப்பு இருக்கும். இருபது முப்பது கேள்விகளுக்கு மவுஸால் கிளிக் செய்து முடித்ததும், இந்தக் கட்சி உங்களுக்கு 75 சதவீதம் பொருத்தம் என்று திரையில் பதில் வரும். சதவீதத்தில் வருவதால் நம்பத் தோன்றும். ஆனால் கம்ப்யூட்டர் இங்கே செய்வது வெறும் கூட்டல், கழித்தல்தான். எதைக் கூட்டுவது, எத்தனை மார்க் போடுவது என்பதையெல்லாம் யாரோ சிலர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை நாமே ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவோம்.

நான் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்காகப் புரோகிராம் எழுதும் குழுவில் இருந்தபோது, அங்குள்ளவர்கள் பேச்சில் 'வால்-ஓ-மாட்' என்ற பெயர் அடிக்கடி அடிபட்டது. ஜெர்மன் அரசின் அரசியல் கல்வி அமைப்பு 2002ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் வெப்சைட் இது. இந்த வகை க்விஸ்களில் கணக்கை ஒளிக்காமல் சொல்லுவது என்பதால் இதையே பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

வேலை செய்யும் விதம்

திரையில் 38 வாசகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உதாரணமாக, 2021 தேர்தலின்போது "எல்லா நெடுஞ்சாலைகளிலும் பொதுவான வேக வரம்பு வேண்டும்" என்பது அதில் ஒன்று. நீங்கள் 'ஏற்கிறேன்', 'நடுநிலை', 'ஏற்கவில்லை' என்ற மூன்றில் ஒன்றைக் கிளிக் செய்யலாம், அல்லது அந்த வாசகத்தையே தாண்டிப் போகலாம். இதே வாசகங்களுக்குக் கட்சிகளும் முன்கூட்டியே தங்கள் பதிலை எழுதிக் கொடுத்திருக்கும். உங்கள் பதிலையும் கட்சியின் பதிலையும் ஒப்பிட்டு மார்க் போடுவதுதான் மிச்ச வேலை. இரண்டும் ஒன்றாக இருந்தால் 2 மார்க். ஒருவர் நடுநிலை, மற்றவர் ஏற்கிறேன் அல்லது ஏற்கவில்லை என்றால் 1 மார்க். நேர் எதிர் என்றால் 0. ஒரு வாசகம் உங்களுக்கு மிக முக்கியம் என்று குறித்தால் அதன் மார்க் இரண்டு மடங்காகும். தாண்டிப் போனவை கணக்கில் சேராது.

நாமே செய்து பார்ப்போம்

எக்ஸெல் திறந்துகொள்ளுங்கள். அது இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸின் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்கிறேன் என்பதற்கு 1, நடுநிலைக்கு 0, ஏற்கவில்லை என்பதற்கு மைனஸ் 1 என்று வைத்துக்கொள்வோம். நான்கு வரிகளில் நான்கு வாசகங்களை டைப் செய்யுங்கள்: நெடுஞ்சாலையில் வேக வரம்பு வேண்டும், பெட்ரோல் வரியைக் கூட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்கலாம், வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு வேண்டும்.

உங்கள் பதில் வரிசையாக 1, மைனஸ் 1, 0, 1 என்று இருக்கட்டும். ஒரு கற்பனைக் கட்சிக்கு 'தெளிவுக் கட்சி' என்று பெயர் வைப்போம். அதன் பதில்கள் 1, மைனஸ் 1, 1, மைனஸ் 1. இன்னொன்று 'மழுப்பல் கட்சி'. அதன் பதில்கள் 0, 0, 0, 1. ஒவ்வொரு வரியிலும் உங்கள் எண்ணிலிருந்து கட்சியின் எண்ணைக் கழியுங்கள். மைனஸ் குறி வந்தால் விட்டுவிடுங்கள் (எக்ஸெலில் இதற்கு ஏபிஎஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது). வந்த விடையை 2-லிருந்து கழித்தால் அந்த வரியின் மார்க் கிடைத்துவிடும்.

தெளிவுக் கட்சிக்கு 2, 2, 1, 0. மொத்தம் 8-க்கு 5, அதாவது 62.5 சதவீதம். மழுப்பல் கட்சிக்கு 1, 1, 2, 2. மொத்தம் 8-க்கு 6, அதாவது 75 சதவீதம்!

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். முதல் இரண்டு விஷயங்களில் நீங்களும் தெளிவுக் கட்சியும் அச்சாக ஒரே கருத்து. மழுப்பல் கட்சி அந்த இரண்டிலும் வாயே திறக்கவில்லை. ஆனாலும் அதுதான் முதலிடம். எல்லாவற்றுக்கும் நடுநிலை என்று சொல்லும் கட்சிக்கு இந்தக் கணக்கில் 0 மார்க் வரவே வராது. எப்படியும் வரிக்கு 1 கிடைத்துவிடும்.

இப்போது வேக வரம்புதான் உங்களுக்கு மிக முக்கியம் என்று குறித்து, அந்த வரியை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். இரண்டு கட்சிக்கும் 10-க்கு 7, சமம். பெட்ரோல் வரியையும் இரட்டிப்பாக்குங்கள். தெளிவுக் கட்சி 12-க்கு 9, அதாவது 75 சதவீதம். மழுப்பல் கட்சி 12-க்கு 8, கிட்டத்தட்ட 67 சதவீதம். உங்கள் கருத்து ஒன்றுகூட மாறவில்லை. இரண்டே கிளிக்கில் 'உங்கள் கட்சி' மாறிவிட்டது.

அதனால்தான் முக்கியமானவற்றைக் குறிக்கச் சொல்லும் பக்கத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள் என்கிறேன். பலர் 38 கேள்வி முடிந்த களைப்பில் நேராக முடிவுக்கு ஓடிவிடுகிறார்கள்.

திரை அமைப்புகூட விஷயம்தான். 2019 ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஒரே சமயத்தில் எட்டுக் கட்சிகளை மட்டுமே தேர்ந்தெடுத்து ஒப்பிட முடிகிறது, இது சிறிய கட்சிகளுக்குப் பாதகம் என்று 'வோல்ட்' என்ற கட்சி வழக்குப் போட்டது. கொலோன் நகர நிர்வாக நீதிமன்றம் அந்த வடிவத்தில் இயக்கத் தடை விதித்தது. பிறகு சமரசம் ஏற்பட்டு, தேர்தலுக்கு முன்பே சைட் மீண்டும் வந்தது. எட்டு டிக் பெட்டிகளுக்காக ஒரு கோர்ட் கேஸ்! எங்களைப் போன்ற புரோகிராமர்கள் படிக்க வேண்டிய செய்தி இது.

இடது, வலது க்விஸ்கள்

கட்சியைச் சொல்லாமல், உங்கள் சாய்வை மட்டும் சொல்லும் க்விஸ்களும் உண்டு. 2001இல் வந்த 'பொலிட்டிக்கல் காம்பஸ்' இதில் பிரபலம். 62 வாசகங்களுக்குப் பதில் சொன்னால் ஒரு கட்டத்தில் உங்களுக்குப் புள்ளி வைக்கும். படுக்கைக் கோடு பொருளாதாரம், நிற்கும் கோடு அதிகாரமா சுதந்திரமா என்பது. இதில் நடுநிலை என்ற பதிலே கிடையாது. எந்த வாசகத்துக்கு எத்தனை மார்க் என்பதையும் அவர்கள் வெளியிடவில்லை. அதனால் நாம் எக்ஸெலில் செய்த பரிசோதனையை இதில் செய்ய முடியாது. பொழுதுபோக்காகச் செய்து பார்க்கலாம், அவ்வளவுதான். பத்தே கேள்விகள் கொண்ட 'உலகின் மிகச் சிறிய அரசியல் க்விஸ்' என்பதைப் பரப்புவதோ, அரசின் தலையீடு குறைய வேண்டும் என்ற கொள்கையுடைய ஓர் அமெரிக்க அமைப்பு. கேள்வி கேட்பவர் யார் என்று பார்த்துவிட்டு உட்காருவது நல்லது.

பொருத்தம் வேறு, வெற்றி வாய்ப்பு வேறு

க்விஸ் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கிறது. பொருத்தமான கட்சிக்குப் போடும் ஓட்டு இடமாக மாறுமா? ஜெர்மனியில் கட்சி ஓட்டில் 5 சதவீதத்தை எட்டாத கட்சிக்குப் பொதுவாகப் பாராளுமன்றத்தில் இடம் கிடையாது. 2025 பிப்ரவரி தேர்தலில் பிஎஸ்டபிள்யூ என்ற புதிய கட்சி பெற்றது 4.98 சதவீதம். சுமார் 9,500 ஓட்டுகள் குறைந்ததால் ஒரு இடமும் இல்லை. வால்-ஓ-மாட் அந்தக் கட்சி உங்களுக்கு 85 சதவீதம் பொருத்தம் என்று காட்டியிருந்தாலும் இந்த ஆபத்தைச் சொல்லியிருக்காது. அது அதன் வேலையும் இல்லை.

பிரிட்டனில் நம் ஊரைப் போலத் தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி பெறுவார். அங்கே ஜெயிக்க முடியாத தன் கட்சியை விட்டுவிட்டு, வேண்டாத கட்சியைத் தோற்கடிக்கக்கூடிய இன்னொருவருக்கு ஓட்டுப் போடுவது பழக்கம். இதைத் தந்திர ஓட்டு என்கிறார்கள். உங்கள் பின்கோடை டைப் செய்தால் யாருக்குப் போடலாம் என்று சொல்லும் வெப்சைட்கள் இதற்காகவே இருக்கின்றன. சில சைட்கள் போன தேர்தல் முடிவைப் பார்க்கும், சில புதிய கருத்துக் கணிப்பைப் பார்க்கும். லண்டனின் கென்சிங்டன் தொகுதியில் இதுதான் வினையானது. 2017இல் அங்கே லேபர் கட்சி வெறும் 20 ஓட்டில் வென்றிருந்தது. 2019 தேர்தலுக்கு முன் கன்சர்வேட்டிவ் கட்சியைத் தோற்கடிக்க லேபருக்குப் போடுங்கள் என்று ஒரு சைட் சொல்ல, இன்னொன்று லிபரல் டெமாக்ரட் கட்சிக்குப் போடச் சொன்னது. முடிவு: கன்சர்வேட்டிவ் 16,768, லேபர் 16,618, லிபரல் டெமாக்ரட் 9,312. வித்தியாசம் 150 ஓட்டு. எனவே இப்படிப்பட்ட சைட்டில் பதிலை மட்டும் பார்க்காமல், எந்த வருடத்து எண்களை வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள். இரண்டு சைட் இரண்டு விதமாகச் சொன்னால், உங்கள் தொகுதியின் போன தேர்தல் முடிவை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அது தேர்தல் ஆணையத்தின் வெப்சைட்டிலேயே கிடைக்கும். வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரம் கொண்ட பிரமாணப் பத்திரங்களும் அங்கேயே உண்டு.

போன் நம்பர் கேட்டால்?

முடிவைக் காட்டுவதற்கு முன் பெயர், போன் நம்பர், இமெயில் கேட்கும் க்விஸ்ஸை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். மார்க் கூட்டுவதற்கு உங்கள் போன் நம்பர் எதற்கு? 'ஃபேஸ்புக் மூலம் லாக்-இன் செய்க' என்ற பட்டனும் இதே ரகம்தான். ஃபேஸ்புக்கில் இயங்கிய ஒரு குணநல க்விஸ் மூலம் திரட்டிய விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனது 2018இல் அம்பலமானது. க்விஸ்ஸைச் செய்த ஒருவருடைய நண்பர்களின் விவரமும் சேர்ந்தே போயிருந்தது. ஃபேஸ்புக் கொடுத்த கணக்குப்படி இந்தியாவில் அதைத் தங்கள் கணக்கில் சேர்த்தவர்கள் 335 பேர்தான். பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்களோ ஐந்தரை லட்சத்துக்கும் மேல்.

ஏற்கனவே இப்படி எதற்காவது அனுமதி கொடுத்திருந்தால், ஃபேஸ்புக்கில் செட்டிங்ஸ் சென்று 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' என்ற பகுதியைத் திறங்கள். எப்போதோ அனுமதித்து மறந்துபோன க்விஸ்களும் கேம்களும் அங்கே வரிசையாக நிற்கும். வேண்டாதவற்றைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்' கொடுங்கள்.