எடை நின்றால் சோற்றை நிறுத்தாதே

மூலக்குளம்,
புதுச்சேரி.

அன்புள்ள மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரி பெரிம்மா, சரி பெரிம்மா" என்று வைத்துவிடுவாய். வாட்ஸப்பில் அனுப்பினால் நீளத்தைப் பார்த்ததுமே மூடிவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எடை ஏழு வாரமாக 98-லேயே நிற்கிறது, அதனால் ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டாய் என்று உங்கம்மா சொன்னாள். முதல் பாதியைக் கேட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது பாதிதான் தூக்கிவாரிப்போட்டது. எடை நின்றுபோய் யாரும் கெட்டதில்லை. நின்ற பயத்தில் செய்கிற காரியங்களால் உடம்பைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை சர்ஜரி வார்டில் வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார். ஆபரேஷனுக்கு முன் 134-ல் தொடங்கினாய். எட்டு மாதத்தில் 36 கிலோ போயிருக்கிறது, அதாவது நூற்றுக்கு 27. உன்னைப்போல ஸ்லீவ் என்ற இரைப்பைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் சராசரியாகக் குறைவதே மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம்தான். அந்த இடத்துக்கு நீ வருஷம் முடியுமுன்பே வந்துவிட்டாய். 70-க்கு வந்தாக வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? உன் சர்ஜன் சொல்லியிருக்க மாட்டார். சுவரில் ஒட்டியிருக்கிற உயரம்-எடை அட்டவணை சொல்லியிருக்கும். அதை எழுதியவர் 134 கிலோ சுமந்த உடம்பை நினைத்து எழுதவில்லை.

ஏன் நிற்கிறது என்று கேட்கிறாய். ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பமும் அதன்மேல் இன்னொரு பத்துப் பதினொரு கிலோவும் தோளில் வைத்துக்கொண்டு நீ இத்தனை வருஷம் மாடி ஏறினாய், பஸ்ஸுக்கு ஓடினாய், தூங்கும்போதுகூட மூச்சுவிட்டாய். இப்போது அந்தச் சுமை இல்லை. அதே மாடியை ஏற இப்போது குறைந்த கலோரி போதும். அதுபோக, வேகமாக இளைக்கிற உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு செலவைச் சுருக்கும். அமெரிக்காவில் டிவி போட்டிக்காக உடம்பை இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழித்தது, அந்த எடைக்கு எதிர்பார்க்கிற அளவைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவு. அவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இல்லை, பட்டினியும் கடும் பயிற்சியுமாக இளைத்தவர்கள். அந்த வழியில்தான் நீ இப்போது காலை வைக்கிறாய்.

மூன்றாவது வாரத்தில் ஒரு தடவை நின்றதே, நினைவிருக்கிறதா? அது வேறு கதை. முதலில் சரசரவென்று இறங்கியதில் தண்ணீரும் நிறைய. ஈரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரை ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். அது கரைந்து முடிந்ததும் எடை கொஞ்ச நாள் அசையாது. பிறகு தானாக இறங்கியது. அன்றைக்கும் இப்படித்தான் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தாய்.

இப்போதைய நிற்றலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கிற மேல்பகுதியும் அதோடு போகிறது. அதனால்தான் முதல் சில மாதம் உனக்குப் பசி என்பதே தெரியவில்லை. இப்போது மெல்லத் தெரிகிறது, சாப்பாடும் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது. ஆபரேஷன் பலிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே போவதும் செலவாவதும் சமமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டால் என்ன ஆகும் தெரியுமா? உனக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் வேண்டும் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்திருக்கிறார். இட்லி ஒன்றில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். முட்டை ஒன்றில் ஆறு. நூறு கிராம் மீனில் சுமார் இருபது. உன் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே ஒரு கிண்ணம்தான். அதில் ஒரு வேளையை வெட்டினால் 20, 25 கிராம் போய்விடும். அதை உடம்பு தசையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். தசை குறைந்தால் செலவும் குறையும், நிற்கிற எடை இன்னும் கெட்டியாக நிற்கும். முடி கொட்டுகிறது என்றாயே, மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை கொட்டுவது பலருக்கும் உள்ளது. எட்டாம் மாதமும் கொத்துக்கொத்தாக வந்தால் புரோட்டீனும் இரும்புச்சத்தும் போதவில்லையா என்று பார்க்க வேண்டும்.

அதனால் ராத்திரி சாப்பிடு. தட்டில் முதலில் முட்டையோ மீனோ கோழியோ சுண்டலோ. அது முடிந்து இடம் இருந்தால் காய். அதற்குப் பிறகும் இடம் இருந்தால் சோறு. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதே, அரை மணி நேரம் தள்ளிக் குடி.

குறைக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. பொங்கலுக்கு இங்கே வந்திருந்தாயே, நான் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் ஒன்றரை இட்லியை இருபது நிமிஷம் மென்று, "போதும் பெரிம்மா, அடைக்குது" என்று எழுந்தாய். சாயங்காலம் டிவி முன்னால் காராசேவுக் கிண்ணம். உன் கண் திரையில், கை கிண்ணத்தில். தீர்ந்ததும் நீயே எழுந்துபோய் டப்பாவைத் திறந்து இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாய். அப்போது அடைக்கவில்லை. அடைக்காது. மென்றதும் மாவாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நூறு கிராம் காராசேவில் 500 கலோரிக்குக் குறையாது. ஐஸ்கிரீம், பிஸ்கட் தோய்த்த டீ, குழைந்த தயிர்சாதம் எல்லாம் இதே ஜாதி. உன் ஆபீஸில் நாலு மணி டீயும் அதோடு வருவதும் என்னவென்று ஒரு வாரம் ஒளிக்காமல் எழுதிப் பார். எனக்குக் காட்ட வேண்டாம், டயட்டீஷியனுக்குக் காட்டு.

அடுத்து, சனி ஞாயிறு. உன் சிநேகிதர்கள் சென்னையிலிருந்து பாண்டிக்கு எதற்கு வருகிறார்கள் என்று இந்த ஊர்க்காரிக்குத் தெரியாதா? நீ குடிப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷனான வயிற்றில் பழைய அளவே சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், போதையும் சீக்கிரம் வரும். ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி, சர்க்கரைக்கு 4-தான். அமெரிக்காவில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் எழுதியதில், குடிப் பிரச்சினை கூடியது முதல் வருஷத்தில் இல்லை, இரண்டாவது வருஷத்தில். அதிலும் இரைப்பை பைபாஸ் செய்தவர்களிடம். உனக்கு ஸ்லீவ்தான், ஆனாலும் இரண்டாவது வருஷத்துக்கு நாலே மாதம் இருக்கிறது. சிநேகிதர்கள் வந்தால் பீச் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து வண்டி விடமாட்டார்கள், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நாலு நடை நட. நடை மட்டும் போதாது, தசை நிற்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கு. உன் சர்ஜனிடம் எவ்வளவு தூக்கலாம் என்று கேட்டுக்கொண்டு தொடங்கு.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றிக் கேட்டாயாம். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்ததிலிருந்து கல்யாண வீட்டில்கூட அதே பேச்சு. ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்கு டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் உன் சர்ஜன். உன்னோடு வேலை பார்க்கிற பையன் மிச்சம் வைத்த ஊசிப் பேனாவைக் குத்திக்கொள்ளாதே. மறுபடி ஆபரேஷன் என்ற பேச்சை எட்டாம் மாதத்தில் எடுக்கவே எடுக்காதே. எடை இறங்குவது 12 முதல் 18 மாதம் வரைகூட நடக்கும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதே. தொடர்ந்து வாந்தி வந்தாலோ, கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, கண் இரட்டையாகத் தெரிந்தாலோ கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு உட்காராதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. பி1 வைட்டமின் இறங்கிவிட்டால் நரம்பைப் பிடித்துக்கொள்ளும். பட்டினி கிடப்பவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் வரும்.

மெஷினில் தினம் மூன்று தடவை ஏறுவதை விடு. ஞாயிறு காலை ஒரு தடவை போதும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது உப்புக்கு நிற்கிற தண்ணீர். டேப் எடுத்து இடுப்பை அளந்து எழுதி வை. சுகர் மாத்திரை ஒன்றாகக் குறைந்ததை நீ யாரிடமும் சொல்வதே இல்லை. குறட்டை நின்றதை உங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட ஆயிரக்கணக்கானவர்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். அங்கேயும் முதல் வருஷத்தோடு இறக்கம் நின்றது, பிறகு கொஞ்சம் ஏறவும் ஏறியது, அப்புறம் நிலைத்தது. இருபதாம் வருஷம் சராசரியாக 18 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். பெரும்பாலோருக்கு நடந்தது இப்போது வழக்கொழிந்த பழைய ஆபரேஷன்தான். ஆபரேஷன் செய்யாத அதே மாதிரி ஆட்களைவிட இவர்களிடம் சாவும் குறைவு.

உங்கம்மாவிடம் கோபப்படாதே. 2024 ஏப்ரலில் புதுச்சேரிப் பையன் ஒருவன் சென்னையில் இதே மாதிரி ஆபரேஷனில் போய்விட்டான் என்று செய்தி வந்ததிலிருந்து அவள் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகும் உனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். "இவ்வளவும் செய்து வீணா?" என்று அவள் கேட்பது குத்திக்காட்டல் இல்லை, பயம். 27 சதவீதம் என்ற கணக்கை அவளுக்கும் சொல்லு.

அடுத்த வாரம் வரும்போது கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டு வா. பி12, இரும்பு, வைட்டமின் டி மூன்றும் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பார்ப்போம். மாத்திரை டப்பாவும் வரட்டும், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக்கு சங்கரா மீன் சொல்லி வைத்திருக்கிறேன். காராசேவு டப்பா வீட்டில் இருக்காது.

அன்புடன்,
பெரியம்மா