துபாயில் முதல் மாதம்: வாடகையும் வங்கிக் கணக்கும்

பணி நிமித்தம் துபாய் செல்பவரை முதலில் திகைக்க வைப்பது வெயிலன்று, வீட்டு வாடகை. அங்கு வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்படுகிறது. அத்தொகையைப் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வரையிலான பின்தேதியிட்ட காசோலைகளாக ஒப்பந்தத்தின்போதே அளித்துவிட வேண்டும். காசோலைக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்கு எமிரேட்ஸ் அடையாள அட்டை வேண்டும். அட்டை கைக்கு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். ஆகவே, முதல் மாதத்தில் தற்காலிகத் தங்குமிடமே ஏற்றது. செலவு சற்றுக் கூடும், பரவாயில்லை.

இந்த அலைச்சலில் தாயகத்துக் கணக்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். வேலைக்காக வெளிநாடு சென்றவர் தம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்; இது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதி. ஊரிலுள்ள வீட்டின் வாடகையும் பங்கு ஈவுத்தொகையும் இதில் சேரும். திர்ஹத்தில் ஈட்டுவதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு உகந்தது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அசலையும் வட்டியையும் தடையின்றி மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லலாம்.

இன்னொன்று, இந்தியக் கைப்பேசி எண். ஒருமுறைக் கடவுச்சொல் அதற்கே வரும். புறப்படும் அவசரத்தில் அதைக் கைவிட்டு, தாயின் மருத்துவச் செலவுக்குத் தம் பணத்தையே எடுக்க இயலாமல் தவித்தவர்கள் உண்டு. புதிய எண்ணை வங்கியில் பதிவு செய்யும்வரை பழைய எண்ணை ரோமிங் வசதியுடன் வைத்திருங்கள்.