கழுத்துப் பிடியில் சிக்கினால்

2017 மே 26, சிங்கப்பூர் உள்ளரங்கம். ஒன் சாம்பியன்ஷிப் வெல்டர்வெயிட் பட்டத்துக்கான சண்டை. ஒரு பக்கம் நம்ம கோலாலம்பூர்ப் பையன் அகிலன் தானி. எதிரே அமெரிக்காவின் பென் அஸ்க்ரென். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர், அதுவரை தோல்வியே காணாதவர். முதல் சுற்றில் 2 நிமிடம் 20 விநாடியில் சண்டை முடிந்துவிட்டது. அகிலன் குத்து வாங்கி விழவில்லை. கையையும் கழுத்தையும் சேர்த்து மடக்கும் ‘ஆர்ம் டிரையாங்கிள்’ என்ற பிடியில் தோற்றார்.

அம்பாங் வட்டாரத்தில் சிலம்பம் கற்ற தம்பி தங்கைகள் சிலர் இப்போது ஜியு-ஜிட்சு, எம்.எம்.ஏ. பக்கமும் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் கழுத்துப் பிடியைப் பற்றி நம் பிள்ளைகளிடம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. “மூச்சு வருதுல்ல, அப்புறம் என்ன பயம்?” என்பார்கள்.

பயம் அங்கேதான். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஓடுகின்றன. சரியாகப் போட்ட பிடி மூச்சுக்குழாயைத் தொடாமலே இந்த இரண்டையும் அழுத்தும். வலி அதிகம் இருக்காது, மூச்சும் வரும். ஆனாலும் பத்து விநாடி அளவில் ஆள் மயங்கிவிடுவான். தொண்டையை முன்னாலிருந்து நசுக்கும் பிடி வேறு வகை. அது மெதுவாக வேலை செய்யும், ரொம்ப வலிக்கும், குரல்வளையையே உடைக்கக்கூடும். விவரம் தெரியாதவன் போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

அகிலன் மாட்டிய பிடியில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பக்கத் தமனியை எதிராளியின் கை அழுத்தும். மறுபக்கத்தை அழுத்துவது நம்முடைய சொந்தத் தோள்! நம் கை நம் முகத்தைத் தாண்டிக் குறுக்கே போன அந்த நொடியே பாதிப் பிடி விழுந்துவிட்டது. அதனால் கீழே கிடக்கும்போது முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. விலகி மாட்டிக்கொண்டால், போன் பேசுவதுபோல் உள்ளங்கையைக் காதோடு வைத்து முழங்கையால் தள்ளுங்கள். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்கும். இரத்தம் ஓட அது போதும்.

பின்னாலிருந்து போடும் பிடிதான் அதிகம் பார்ப்பது. பிரேசில்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்குச் ‘சிங்கத்தைக் கொல்வது’ என்று பொருள். நரசிம்மரைக் கும்பிடும் நமக்குக் கொஞ்சம் சங்கடமான பெயர்! தாடையைத் தாழ்த்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். அது தொண்டையைக் காக்கும், தமனியைக் காக்காது. பின்னால் கை வீசி அடிப்பதும் வீண். உங்கள் இரண்டு கையாலும் அவனுடைய ஒரு மணிக்கட்டைப் பிடித்து, நெஞ்சை நோக்கி இழுத்து, விடாமல் வைத்திருங்கள். பிறகு நகர்ந்து நகர்ந்து உங்கள் முதுகைத் தரையில் சேருங்கள். பிடி பூட்டுவதற்கு முன்பே இதையெல்லாம் செய்ய வேண்டும். பூட்டிவிட்டால் தட்டுங்கள்.

தட்டுவதில் என்ன வெட்கம்? அகிலன் பட்டச் சண்டையில், அத்தனை கேமராவுக்கு முன்னால் தோற்றவர். அதற்குப் பிறகும் மேடையேறிப் போட்டியிட்டார். கை மாட்டியிருந்தால் காலால் தரையைத் தட்டலாம், வாயால் சொல்லலாம். வெளியே சண்டையில் தட்டினால் எவனும் விடமாட்டான். 2014-இல் நியூயார்க்கில் எரிக் கார்னர் மூச்சுவிட முடியவில்லை என்று பதினொரு முறை சொல்லியும் போலீஸ்காரர்கள் கேட்கவில்லை. அவர் இறந்துபோனார்.

பிடி போடுகிறவனுக்கும் கடமை இருக்கிறது. பாகவதத்தில் கம்சனின் மல்லர்களான சாணூரன், முஷ்டிகனோடு கண்ணனும் பலராமனும் மோதும்போது, மதுரா நகரப் பெண்கள் இது அதர்மம் என்று புலம்புகிறார்கள். மலைபோன்ற மல்லர்களுக்கு எதிரே சின்னப் பையன்களை நிறுத்துவதா என்பது அவர்கள் கேள்வி. நம் பயிற்சியிலும் அதே கேள்வியைக் கேட்கலாம். ஆறு மாதம் பழகிய எண்பது கிலோ அண்ணன், நேற்றுச் சேர்ந்த தம்பியின் கழுத்தைப் பிடித்துத் திறமை காட்டுவது எனக்குப் பிடிக்காத காட்சி. பல நாடுகளின் ஜூடோ போட்டிகளில் சிறு பிள்ளைகளுக்கு இந்தப் பிடிகளையே அனுமதிப்பதில்லை. ஹாஸ்டல் அறையில், கோச் இல்லாமல், “யார் அதிக நேரம் தாங்குறான் பார்ப்போம்” என்று போட்டி வைப்பதை நிறுத்துங்கள்.

யாராவது மயங்கிவிட்டால் உடனே பிடியை விட்டு மல்லாத்திப் படுக்க வையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தில் தண்ணீர் ஊற்றுவது, உலுக்குவது, கன்னத்தில் அறைவது எதுவும் வேண்டாம். பெரும்பாலும் சில விநாடிகளில் விழித்துவிடுவான். விழிக்கவில்லை, மூச்சில்லை என்றால் 999 அழைத்து, தெரிந்தவர் நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும். விழித்தவனை அன்று மறுபடி பாயில் இறக்காதீர்கள். அடுத்த சில நாட்களில் குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, கழுத்து வலியோடு தலைவலி விடாமல் இருந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே டாக்டரிடம் கழுத்தைப் பிடித்த விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவார்களே என்று பார்க்காதீர்கள்.